முத்திரை இல்லாத லிட்டர்

பாலைப் பழைய சேர் கணக்கில் அளக்கக்கூடாது, இனி லிட்டர்தான் என்று உத்தரவு வந்தபோது, மைசூரில் எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு கவலைதான். புது அளவைக்கு ஆகிற செலவை யார் தலையில் கட்டப்போகிறார்கள்? பால்காரர், அளவு சரி என்று சர்க்கார் முத்திரை குத்திய லிட்டர் படி ஒன்று வாங்கி வந்தார். அந்தக் காசைப் பாலைக் குறைத்துத்தான் பிடிப்பார் என்று அன்றே எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். அதில் என் அப்பாவுக்குத்தான் குரல் ஜாஸ்தி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தானே கடைத்தெருவுக்குப் போய் ஒரு லிட்டர் படி வாங்கி வந்தார். மறுநாள் காலை பால்காரரை நிறுத்தி, அவர் அளந்த பாலை அதில் ஊற்றச் சொன்னார். விளிம்புக்கு இரண்டு விரல் கீழேயே பால் நின்றுவிட்டது.

"நோடி, நோடி!" பாருங்கோ, பாருங்கோ என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கன்னடத்தில் ஆர்ப்பரித்தார் அப்பா. வாசலுக்கு வாசல் பாத்திரத்தோடு நின்ற மாமிகள், நாளையிலிருந்து வேறு ஆள் பார்க்கலாம் என்று பேசத் தொடங்கினார்கள். எங்கள் தெருவை விட்டால் அந்த மனுஷருக்குப் பிழைப்பே கிடையாது. "சாமுண்டி ஆணை, ஸ்வாமி" என்று மறுபடி மறுபடி சத்தியம் செய்தார்.

நான் ஏழு வயது வாயாடி. பால்காரர் படியில் இருக்கும் முத்திரையைத் தடவிப் பார்ப்பது என் தினசரி விளையாட்டு. "அப்பா, நம்ம படியில முத்திரையே இல்லையே?" என்றேன். ஏன்டி இல்லை என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டாள். விட்டேனா? "முத்திரை போட்டது விலை ஜாஸ்தியாம். முத்திரையையா குடிக்கப்போறோம்னு சொல்லி அப்பா இதை வாங்கிண்டு வந்தார்" என்று முழுசாய் ஒப்பித்தேன்.

அளவு தப்பு எங்கள் படியில்தான் என்று புரிந்து தெருவே சிரித்தது. பால்காரர் மட்டும் சிரிக்கவில்லை, தன் படியை எடுத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனார். சபாஷ் கிடைக்கும் என்று நான் அப்பாவைப் பார்த்தேன். முகம் செத்துப்போயிருந்தது. என்னைத் திட்டக்கூட இல்லை. சாயங்காலம் தெருப் பிள்ளைகள் 'முத்திரை குடிக்கிற வீடு' என்று கேலி செய்தபோதுதான் எனக்கும் உடம்பு கூசியது. என்ன தப்பு நடந்தது என்று மட்டும் புரியவில்லை.

மறுநாள் பால் வாங்க அம்மா போகவில்லை, அப்பா போனார். பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் ஏதோ சொல்லிப் பார்த்தபடி வாசலில் நின்றார். இன்னொரு சண்டைக்குத் தயாராகிறார் என்று எனக்கு உயிரே போயிற்று. பால்காரர் தெருமுனையில் தென்பட்டதும், "வேண்டாம்ப்பா, உள்ளே வாப்பா" என்று வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

அப்பா மன்னிப்புக் கேட்கத்தான் நின்றார் என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டு என்னோடு உள்ளே வந்துவிட்டார்.