திரும்பி வந்த கப்பல்காரர்

கம்பத்திலிருந்து தினமும் காலையில் பதினோரு பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலையேறி, சக்குபள்ளம் ஏலத்தோட்டத்தில் இறக்கிவிடுவது என் பிழைப்பு. வண்டியில் ரேடியோ கெட்டதிலிருந்து கதை சொல்வதும் என் தலையில் விழுந்தது. போன மழைக்காலத்தில் கட்டப்பனைப் பழைய புத்தகக் கடையில் ஒரு ஜப்பான் கடற்படைத் தளபதியின் வாழ்க்கை வரலாறு கிடைத்தது, மலையாளத்தில். அட்டையில் இருந்த மீசைக்காகத்தான் வாங்கினேன். அப்படியொரு மீசை எங்கள் ஊர் எல்லைச்சாமிக்குக்கூட இல்லை.

தினம் கொஞ்சமாகச் சொன்னேன். கடற்படைப் பள்ளியில் அவர் மார்க்கு கடைசி வரிசை என்றதும் ஜீப்பே கைதட்டியது. பிறகு யுத்தம். வடக்கே ஒரு குளிர்த் தீவில் அவர் நாட்டு வீரர்கள் ஐயாயிரம் பேருக்கு மேல் மாட்டிக்கொண்டார்கள். சுற்றிலும் எதிரிக் கப்பல்கள். பனிமூட்டத்துக்குள் ஒளிந்து போய் அவர்களைக் கூட்டிவர வேண்டும் என்று இவருக்கு உத்தரவு.

"நம்ம திட்டித் தொலைக்கிற பனிய அந்தாளு தேடிப் போனாராக்கும்!" என்றார் முன்சீட்டு அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வெற்றிலையும் வாயும் ஓயாது.

போனார். தீவை நெருங்கும்போது பனி கைவிட்டுவிட்டது. கப்பல்களைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

"அடச்சீ, பயந்தாங்கொள்ளி! இம்புட்டு மீசைய வச்சுக்கிட்டு?" என்றார் அக்கா. நானும் சேர்ந்து சிரித்தேன்.

மறுநாள் பார்த்து மூன்றாவது வளைவில் மூட்டம் அப்பிக்கொண்டது. என் வண்டியின் பானெட்டே எனக்குத் தெரியவில்லை. ஆனால் நேற்று அப்படிச் சிரித்துவிட்டு எப்படித் திருப்புவது? வீம்புக்கு உருட்டினேன்.

அக்கா டேஷ்போர்டில் ஓங்கி அடித்தார். "நிறுத்துய்யா! எம் மக கல்யாணத்த நான் பாக்கணும். திருப்பு வண்டிய!"

திருப்பினேன். பதினோரு பேருக்கும் அன்றைய கூலி போச்சு. மற்ற ஜீப்புகளோ ஊர்ந்து ஊர்ந்து போய், சாயங்காலம் ஒரு கீறல் இல்லாமல் இறங்கி வந்தன. ஸ்டாண்டில் இன்னொரு ஜீப்காரன், "என்ன கேப்டன், கப்பல் தரைதட்டிருச்சா?" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிடப் பெரிய பயம், நாளைக்கு என் வண்டியில் யார் ஏறுவார்கள் என்பது.

பயந்தபடியே ஆயிற்று. காலையில் மற்ற பத்துப் பேரும் அவன் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் இரண்டு வண்டிக்கும் நடுவில் நின்றார்.

"ஏப்பா, திரும்பி வந்ததுக்கு மேலதிகாரிக அந்தாளத் திட்டலையா?"

"காறித் துப்பாத கொறதான்க்கா. அவரு பாட்டுக்குக் கப்பல்ல உக்காந்து மீன் புடிச்சுக்கிட்டு இருந்தாரு."

"அப்பறம்?"

"ஏறுனாத்தான் சொல்லுவேன்."

அக்கா சிரித்துவிட்டார். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "எறங்குங்கடி எல்லாரும்! கத இன்னும் முடியல!" என்று அந்த ஜீப்பைப் பார்த்துக் கத்தினார். முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள்.

வழியில் மிச்சத்தைச் சொன்னேன். அவர் மறுபடி போனார். இந்த முறை பனி கிடைத்தது. ஒரு மணி நேரத்துக்குள் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். யுத்தம் முடிந்தபின் உப்புக் காய்ச்சிப் பிழைத்தார். இவர் தளபதி என்பதே அக்கம்பக்கத்தில் தெரியாதாம்.

அக்கா வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினார். "நல்ல மனுசன். நாந்தேன் வாய விட்டுட்டேன்" என்றார்.

வண்டியைத் திருப்பியது என் புத்தி என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். ஆனால் இப்போதெல்லாம் மூட்டம் இறங்கினால் பக்கத்துச் சீட்டைத்தான் முதலில் பார்க்கிறேன். அக்கா வெற்றிலை மெல்வதை நிறுத்தினால் பிரேக்கை மிதித்துவிடுவேன்.