இக்காஸ்டில் ஒரு வில்லோ வேலி

டென்மார்க்கின் பில்லுண்ட் விமான நிலையத்தில் நான் இறங்கியபோது ஞாயிறு காலை பத்து மணி. 2009 மே மாதம். மே மாதத்தில் எதற்கு என்று தடித்த குளிர்ச்சட்டையை ரொறன்ரோவிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். வாசல் கதவு திறந்ததும் மேற்கிலிருந்து வந்த காற்று கன்னத்தில் அறைந்தது. கார் நிறுத்துமிடத்தில் நின்ற செல்வா தன்னுடைய ஜக்கெற்றைக் கழற்றித் தந்தான்.

"கனடாக்காரருக்குக் குளிர் தெரியாதெண்டு நினைச்சன் அக்கா."

"எங்கட குளிர் மரியாதையான குளிர் தம்பி. இப்பிடி ஓடிவந்து அடிக்காது" என்றேன்.

செல்வா என் பள்ளித்தோழி தவத்தின் கணவன். இக்காஸ்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. தவம் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். நான் ஸ்காபரோவில் செடி விற்கும் நேர்சரியில் பல வருடமாக நிற்பவள். குளிர்நாட்டில் எந்தச் செடி எங்கே பிழைக்கும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். தங்கள் வீட்டு வளவைத் திருத்தித் தரச் சொல்லித் தவம் கேட்டதால் மாசியிலேயே ரிக்கற் எடுத்துவிட்டேன். அப்போது இலங்கையில் போர் இப்படி முடியும் என்று எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை.

பில்லுண்டிலிருந்து இக்காஸ்ட் அறுபது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. வழியெல்லாம் தட்டையான வயல்கள், காற்றுக்கு மறைப்பாக நட்ட மரவரிசைகள். செல்வா வானொலியைப் போடவில்லை. அவனுடைய அண்ணன் குடும்பம் வன்னிக்குள் அகப்பட்டிருந்தது. சில வாரங்களாகத் தொலைபேசி இல்லை.

வீட்டைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல செங்கல் வீடு, பின்னால் விசாலமான வளவு. ஆனால் நிலத்தில் புல்லைத் தவிர ஒன்றுமில்லை. எல்லாம் சாடிகளில் நின்றன. ரோஜா சாடியில், கறிவேப்பிலை சாடியில், ஓர் அப்பிள் மரம்கூட ஆறு வருடமாகப் பிளாஸ்ரிக் வாளியில் இடுப்பு உயரத்தில் குறுகி நின்றது. அடியில் வேர் வளையம் வளையமாகச் சுற்றியிருக்கும் என்று தூக்கிப் பார்க்காமலே எனக்குத் தெரியும்.

நிலத்தில் நின்றது வேலி மட்டும். வீடு வாங்கிய புதிதில் செல்வா எங்கேயோ வெட்டிக் கிடந்த வில்லோ மரத் தடிகளைக் கொண்டுவந்து, ஊரில் கிளுவைக் கதியால் வேலி போடுவதுபோல எல்லை நெடுக ஊன்றிவிட்டான். ஊரில் கதியால் ஒரு மாரியில் தளிர்த்து, வருடாவருடம் வெட்ட அடங்கிக் கிடக்கும். வில்லோவும் தளிர்த்தது. அடங்கத்தான் இல்லை. இவன் ஒரு வருடம் வெட்டாமல் விட்டால் அது ஓராள் உயரம் ஏறும். இவனோ பல வருடம் விட்டிருந்தான். இப்போது அது கூரைக்குக் கிட்ட நின்றது. பக்கத்து வீட்டு யோர்கனின் கண்ணாடிக் குடிலில் பாதி நாள் நிழல். அவர் தக்காளி வளர்க்கிற ஓய்வுபெற்ற மனிதர். இரண்டு முறை வந்து பேசினாராம். செல்வா பார்க்கலாம் என்றானாம். அதற்குப் பிறகு இருவரும் முகம் பார்ப்பதில்லை.

பின்னேரம் கடதாசியில் வளவைக் கீறிக் காட்டினேன். வில்லோவைக் கிளப்பிவிட்டு, இலை விழுந்தபின் பீச் கன்றுகளை, பழம் தரும் பீச் அல்ல, காட்டுமரப் பீச்சை, நெருக்கமாக நட்டால் நல்ல வேலி வரும். பீச் தன் காய்ந்த இலையைப் பனிக்காலம் முழுக்க விடாமல் பிடித்து நிற்கும், காற்றையும் மறைக்கும். அப்பிள் தெற்கு மூலையில்.

"பீச் வேலி வளர எத்தனை வருசம்?" செல்வா கேட்டான்.

"அஞ்சாறு வருசம்."

"அதுக்குள்ள நாங்கள் ஊருக்குப் போயிடுவம் அக்கா. பிறகு ஆர் உதுகளுக்குத் தண்ணி விடுறது?"

தவம் கோப்பையைச் சத்தமாக வைத்தாள். "இருவது வருசமா இதையே சொல்லுறார். எனக்கு ஒரு மரம் நிலத்தில நிண்டாக் காணும். அது நிக்காட்டி இந்த வீட்டில நானும் ஒரு சாடிதான்."

செல்வா எழுந்து போய்விட்டான்.

திங்கட்கிழமை தொலைக்காட்சி போர் முடிந்துவிட்டது என்றது. செவ்வாய் மத்தியானம் முகாமிலிருந்து யாரோ ஒருவரின் தொலைபேசியில் அண்ணி பேசினாள். போன கிழமை ஷெல் விழுந்து அண்ணன் போய்விட்டார். உடலை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். செல்வா போனை மேசையில் வைத்துவிட்டுச் சப்பாத்தை மாட்டினான், பிறகு கழற்றினான். எங்கே போவது என்று அவனுக்கே தெரியவில்லை. அதைப் பார்த்துத்தான் நான் அழுதேன்.

பின்னேரம் ஹேர்னிங், சில்க்போர்க் பக்கமெல்லாம் இருந்து ஆட்கள் வந்தார்கள். தெரு முழுக்கக் கார்கள். கேற்றடியில் நின்ற என்னிடம் யோர்கன் வந்து என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். செல்வாவின் அண்ணன் போரில் இறந்துவிட்டார் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

புதன் காலை மாடி யன்னலைத் திறந்தபோதுதான் கண்டேன். யோர்கனின் வளவிலுள்ள கொடிக்கம்பத்தில் சிவப்பு வெள்ளைக் கொடி பாதியில் நின்றது. இங்கே பல வீட்டு வளவுகளில் கொடிக்கம்பம் உண்டு. பிறந்தநாளுக்கு உச்சியில் ஏற்றுவார்கள், அயலில் சாவு என்றால் பாதியில் விடுவார்கள். கீழே நின்று பார்த்தால் வில்லோவுக்கு மேலே வெறும் கம்ப நுனிதான் தெரியும். நான் செல்வாவைக் கையில் பிடித்து மேலே கூட்டிவந்தேன்.

கனநேரம் பார்த்தான். "எங்கட அண்ணைக்கோ?"

"பின்ன ஆருக்கு?"

இறங்கிப் போய் அரிவாளும் மரம் அரியும் வாளும் எடுத்தான். குருவிக்கூடு இருக்கிறதா என்று நான் பார்த்துச் சொல்ல, கொடிக்கு நேரே நின்ற மரங்களை அடியோடு அரிந்தான். ஒரு வாசல் அளவுக்கு வெளி வந்தது. அந்தப் பக்கம் கையில் தொப்பியோடு யோர்கன் நின்றார். இருவரும் டெனிஷில் பேசியதைத் தவம் எனக்கு மெல்லச் சொன்னாள். அடக்கம் எப்போது என்று கேட்கிறார்; அது முடிந்த பிறகுதான் கொடியை மேலே ஏற்றுவது இங்கத்தைய வழக்கம்.

செல்வா கையிலிருந்த வாளைக் கீழே வைத்தான். பிறகு மண்வெட்டியை எடுத்துத் தெற்கு மூலையில் கிண்டத் தொடங்கினான். மணல் கலந்த மண், இலகுவாக வந்தது. வாளியை வெட்டி அப்பிள் மரத்தை எடுத்தேன். நினைத்தபடியே வேர் சுற்றிக் கிடந்தது. விரலால் பிரித்து, கெட்டதை வெட்டிக் கொடுத்தேன். செல்வா அதைக் குழியில் இறக்கி, கைகளால் மண்ணைத் தள்ளி மூடினான். முதல் பிடி மண் போட்டபோது அண்ணனின் பெயரைச் சொல்லிக் குளறி அழுதான். தவம் அவனுடைய முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எல்லாம் முடிந்ததும் செல்வா நிமிர்ந்து யோர்கனைப் பார்த்தான். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. கம்பத்தடிக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்து, கொடியை மெல்ல உச்சிக்கு ஏற்றினார்.

சனிக்கிழமை திரும்பினேன். மீதி வில்லோவை இலையுதிர்காலத்தில் கிளப்புவதாகப் பேச்சு. யோர்கனும் மண்வெட்டியோடு வருகிறாராம். ரொறன்ரோவில் என் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே உயரமான பலகை வேலி நிற்கிறது. அங்கே பத்து வருடம் இருந்தும் அந்த வீட்டாரின் பெயர் எனக்குத் தெரியாது. செடிகளைப் பற்றி எல்லாம் தெரிந்தவள் என்று திரிகிறேன்.

பில்லுண்டில் பெட்டியை இறக்கும்போது செல்வாவைச் சீண்டினேன்.

"புதுசா வைச்ச மரம். முதல் கோடையில ஒழுங்காத் தண்ணி விடவேணும். ஆர் விடுறது தம்பி?"

"நான்தான் அக்கா" என்றான். "நான் இஞ்சதானே நிக்கிறன்."