டேங்கி மூடிக்குள் வைத்த ரப்பர்

தேயிலைக் கொழுந்து எந்த வாடையையும் சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் ஃபேக்டரியிலிருந்து போன் வந்தது, கொழுந்தில் டீசல் வாடை அடிக்கிறதாம். எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் நான்தான் ஃபோர்மேன். போய்ப் பார்த்தேன். டேங்கி நிறைய ஊற்றிக்கொண்டு மேடு ஏறும்போது, மூடியில் காற்றுக்காக இருக்கும் சின்ன ஓட்டை வழியாக டீசல் கசிந்து, லோரியின் பக்கவாட்டில் தொங்கிய கொழுந்துச் சாக்குகளில் பட்டிருந்தது. பழைய டியூபை வட்டமாக வெட்டி, மூடிக்குள் வைத்து இறுக்கினேன். வாடை நின்றது. ஃபேக்டரியில் பாராட்டினார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரமே லோரி மேட்டில் நிற்கத் தொடங்கியது. டிரைவர் சேகர் கூப்பிடுவான், நான் மோட்டார் சைக்கிளில் ஓடுவேன். டீசல் இருக்கிறதா என்று முதலில் மூடியைத் திறந்து பார்ப்பேன். பிறகு ஃபில்டர் மாற்றி, பைப்பில் இருக்கும் காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் லோரி ஓடும். இப்படி மூன்று தடவை.

மூன்றாம் தடவை சேகர் சொன்னான்: "அண்ணே, பிரச்சினை ஃபில்டர் இல்லலா. மூடியத் திறந்தாலே சரியாயிடுது. ஒரு தடவ என்கூட ஏறி வந்து பாருங்க."

முதலில் ஒழுங்காக கியர் போடக் கற்றுக்கொள் என்று எல்லார் முன்னாலும் கிண்டல் செய்து அனுப்பினேன்.

நான்காம் தடவை லோரியின் பின்னால் கொழுந்து எடுக்கும் ஆட்கள் பதினாலு பேர் இருந்தார்கள். செங்குத்தான வளைவில் இன்ஜின் செத்து, பிரேக்கும் சரியாகப் பிடிக்காமல் லோரி பின்னால் உருண்டது. ஒரு பக்கம் பள்ளம். சேகர் உயிரைக் கொடுத்து ஸ்டீயரிங்கைத் திருப்பி, மண்சுவரில் பின்பக்கத்தை மோதி நிறுத்தினான். பின்னால் இருந்த ராணி அக்காவுக்கு மணிக்கட்டு உடைந்தது.

நான் போய் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று டேங்கி காற்றை உள்ளே இழுத்தது. அப்போதுதான் புரிந்தது. இன்ஜின் டீசலைக் குடிக்கக் குடிக்க, அந்த இடத்துக்குக் காற்று போக வழியில்லை. கடைசியில் டீசலும் வராமல் நின்றுவிட்டது. ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து நான்தான் சரிசெய்திருக்கிறேன், பெயரை மட்டும் ஃபில்டருக்குக் கொடுத்திருக்கிறேன்.

பக்கத்தில் நின்ற எஸ்டேட் மேனேஜர், எங்கள் துரை, சேகரிடம், "நாளையிலேர்ந்து நீ லோரியத் தொடாத. தோட்டத்துல மருந்தடிக்கப் போ" என்றார். நான் மூடிக்குள் இருந்த ரப்பரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வாய் திறக்காமல் நின்றேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

அன்று சாயங்காலம் இருப்புக்கொள்ளவில்லை. காரணமே இல்லாமல் கம்போங் ராஜா டவுன் வரை மோட்டாரில் போனேன். கடையில் தேத்தண்ணி சொல்லிவிட்டுக் குடிக்காமலேயே திரும்பினேன். மேடு ஏறும் ஒவ்வொரு லோரிச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப் போட்டது.

மறுநாள் காலை எல்லோரும் கூடும் பெரட்டில் ரப்பரை எடுத்து துரையிடம் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் லோரிச் சாவியைச் சேகரிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஆபீசில் என்னிடம் பேசியதை இங்கே எழுத முடியாது.

சேகரிடம் மன்னிப்புக் கேட்டேன். "ராணி அக்காகிட்ட போய்ச் சொல்லுங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தபடி அவர் முழுவதையும் கேட்டார். "ஐயோ, நேத்து பூரா அந்தப் புள்ளையத் திட்டித் தீர்த்துட்டனேய்யா" என்று அழுதார்.

பிறகு மூடியின் ஓட்டையிலிருந்து ஒரு ஹோஸை மேலே தூக்கிக் கட்டினேன். காற்றும் போகும், டீசலும் வழியாது. அரைமணி வேலை. இப்போதெல்லாம் டிரைவர் பேசி முடிக்கும்வரை நான் ஸ்பேனரைத் தொடுவதில்லை. பழுது பார்த்த லோரி ஆளை ஏற்றுவதற்கு முன், அதே மேட்டில் நான் அதில் ஏறிப் போகிறேன்.