கையில் குத்துகிற கன்ட்ரோலர்

"நாலு மூலையும் கையில குத்துதுங்க. பட்டனும் கம்மி. பழைய ஞாபகத்துக்கு வாங்கி ஷோகேஸ்ல வைக்கலாம், ஆடுறதுக்கு ஆகாது. காசு தண்டம்."

செல்போனில் ஓடிய வீடியோவில் இப்படித் தீர்ப்புச் சொன்னவருக்குப் பத்து விரல்கள் இருந்தன. பத்தையும் விரித்து விரித்து ஆட்டித்தான் பேசினார். எனக்கு வந்த கோபத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன். போன் மனைவியுடையது என்பதால் கட்டிலில் போட்டேன்.

அவர் திட்டியது ஒரு ரெட்ரோ கன்ட்ரோலரை. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது டிவியில் மாட்டி ஆடிய வீடியோ கேமுக்கு வருமே, சோப்பு டப்பா மாதிரி தட்டையாக, நீளமாக, அதே வடிவத்தில் இப்போது புதிதாகச் செய்து விற்கிறார்கள். இடது கட்டைவிரலுக்கு ஒரு கூட்டல் குறி, வலது கட்டைவிரலுக்கு நாலு பட்டன், அவ்வளவுதான் சமாசாரம். அன்றைக்கு நாங்கள் அதை ஜாய்ஸ்டிக் என்போம். ஸ்டிக் என்று அதில் ஒன்றுமே இருக்காது, யாரும் கேட்டதும் இல்லை. இதை வாங்கலாமா வேண்டாமா என்று பத்து நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அதற்காகத்தான் ஆன்லைனில் கிடைத்த வீடியோக்களையெல்லாம் ஒன்று விடாமல் பார்த்தது. எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி குத்துகிறது, குத்துகிறது என்றார்கள். இதைப் பார்க்கிறவனுடைய கை எப்படி இருக்கும் என்று ஒருத்தருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா?

என் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. மூன்று வருஷம் ஆகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் தகடு வெட்டுகிற பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த மெஷினில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் இரண்டையும் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருக்கும்போது உள்ளே எந்தக் கை மாட்டும்? நல்ல ஏற்பாடு. ஆனால் அப்படி ஓட்டினால் ஒரு நாளைக்கு இத்தனை பீஸ் என்ற கணக்கு வராதாம். அதனால் ஒரு பட்டனில் ரப்பர் துண்டை வைத்து அழுத்தி, மேலே டேப் சுற்றி வைத்திருந்தார்கள். வலது கையால் பீஸைப் போடு, இடது கையால் தட்டு. எல்லா மெஷினிலும் அந்த டேப் இருந்தது. மேலே இருப்பவர்களிலிருந்து கூட்டுகிறவர் வரை எல்லாருக்கும் தெரியும். என் விரல் போன பிறகு எழுதிய ரிப்போர்ட்டில் மட்டும் டேப்பைக் காணோம். 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. பிறகு அதே கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் உட்கார வைத்தார்கள். செய்து வரும் பீஸ்களைப் பார்த்து, சரியில்லாததைத் தள்ளுகிற வேலை.

இனி தம்பி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரே தம்பி, மூன்று வயது இளையவன். அப்பா ஆவடியில் தொழிற்சாலை வேலையில் இருந்ததால் குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். அந்த வீடியோ கேமை வைத்து நாங்கள் போட்ட சண்டையை அந்த பிளாக்கில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நான் தோற்றால் மாடிப்படியில் நின்று தெருவுக்கே சொல்லுவான். அவன் தோற்றால் என் முழங்கையைக் கடிப்பான். 'டேய்' என்றுதான் என்னைக் கூப்பிடுவான். அம்மா எத்தனை முறை வாயில் போட்டும் அண்ணன் என்ற சொல் வந்ததில்லை.

இப்போது அவன் ஐடி கம்பெனியில் இருக்கிறான். வேலப்பன்சாவடியில் ஃபிளாட். சுவர் நிறைய டிவி, அதில் மாட்டிய புது வீடியோ கேம். போன வருஷம் அங்கே குடிவந்ததும், "வாண்ணா, ஞாயித்துக்கிழமை ஆடலாம்" என்று கூப்பிட்டான். அண்ணா! அந்தச் சொல்லைக் கேட்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அவன் வீட்டு கன்ட்ரோலரில் முகத்தில் இருக்கிற பட்டன் போதாதென்று தலையில், அதாவது மேல் விளிம்பிலும் நாலு பட்டன். கார் பந்தயத்தில் ஆக்சிலரேட்டர் எங்கே இருக்கிறது தெரியுமா? சரியாக வலது ஆள்காட்டி விரலுக்கு அடியில். இதைச் செய்தவர்களுக்கும் எனக்கும் ஏதாவது முன்பகை இருக்குமோ என்று நினைத்தேன். மோதிர விரலை வளைத்து மேலே கொண்டுபோய் அழுத்தினால் கன்ட்ரோலர் கையிலிருந்து நழுவும். உருண்டையாக, வழவழவென்று வேறு செய்துவைத்திருக்கிறார்கள். பிடித்தால் ஓட்ட முடியாது, ஓட்டினால் பிடிக்க முடியாது.

ஆனால் ஞாயிறுதோறும் நான்தான் ஜெயித்தேன். எப்படி? என் கார் நடைபாதையில் ஏறி, மரத்தில் முட்டி, பின்னால் வந்து, திரும்ப ரோட்டைப் பிடிக்கும்வரை அவன் கார் கடைசி வளைவில் யாருக்கோ காத்திருக்கிற மாதிரி நின்றுகொண்டிருக்கும். நான் கடந்து போனதும், "சே, ஸ்லிப் ஆயிடுச்சுண்ணா!" என்பான். என் கையை அவன் பார்ப்பதே இல்லை. டீ கொடுத்தால்கூட என் இடது பக்கமாக வந்து, டிவியைப் பார்த்துக்கொண்டே நீட்டுவான். நானும் சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்தேன். இப்படி ஒரு வருஷம்.

ரெட்ரோ கன்ட்ரோலர் கண்ணில் பட்டதும் எனக்குத் தோன்றியது இதுதான்: இதில் தலையில் பட்டன் கிடையாது, ஆள்காட்டி விரலுக்கு வேலையே இல்லை, எல்லாம் கட்டைவிரல். எனக்கு இரண்டு கட்டைவிரலும் கல்லு மாதிரி இருக்கின்றன. இதை வைத்துக்கொண்டு ஆடினால் தம்பி எனக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. தோற்றாலும் நானாகத் தோற்பேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் பிடிக்கவே முடியாமல் போனால்? மறுபடி நழுவினால், அதையும் பார்த்துவிட்டு அவன் இன்னும் பத்து மடங்கு இரக்கப்படுவானே. அந்தப் பயத்தில்தான் அவனையே போனில் கேட்டேன்.

"வேணாம்ணா. வேஸ்ட். மூலையெல்லாம் குத்தும்" என்றான். "உனக்கு எதுக்கு அது? இப்பவே சூப்பராத்தானே ஆடுற. போன வாரம்கூட நீதானே ஜெயிச்ச?"

நான் போனை வைத்துவிட்டேன். வாயைத் திறந்திருந்தால் அவனுடைய அப்பா அம்மாவைத் திட்டியிருப்பேன், அவர்கள் எனக்கும் அப்பா அம்மா.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் நாங்கள் இப்போது குடியிருக்கும் மேனாம்பேட்டிலேயே.

"இன்னாத்துக்கு மூஞ்ச இப்டி வச்சிகினு கீறே?"

"ஜெயிச்சேனாம்! ஜெயிச்சேனாம் நான்! மரத்துல முட்டினவன் ஜெயிப்பானா? என்னைப் பார்த்தா கொழந்தை மாதிரியா இருக்கு அவனுக்கு?"

"பாசத்துல உட்டுக் குடுக்குது அந்தப் புள்ள. அது ஒரு குத்தமா?"

"பாசமா? என் எலும்பை உடைச்சிருந்தாக்கூட அதைப் பாசம்னு சொல்லுவேன்."

அவள் கரண்டியை வைத்துவிட்டு வந்து எதிரில் நின்றாள். "சரி. உட்டுக் குடுக்கறான்னு உனக்கு என்னிக்குத் தெரியும்?"

"மொத நாளே தெரியும்."

"அப்பால ஒரு வருசமா கப்பு வாங்குன மாரி சிரிச்சிகினு ஊட்டுக்கு வந்தியே, அது இன்னாத்துக்கு? அவன் பொய் ஆட்டம் ஆடுனான்னா நீயும்தானே ஆடிகினு இருந்தே?"

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டு அவள் பாட்டுக்கு உள்ளே போய்விட்டாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவள் சொன்னது நிஜம். அவன் விட்டுக்கொடுப்பதை நிறுத்திவிட்டால் இந்தக் கையோடு நான் என்ன ஆவேன் என்று எனக்குள்ளும் ஒரு பயம் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள இவ்வளவு கோபம் தேவைப்பட்டிருக்கிறது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புது வேலை வந்தால் முதலில் ஒரே ஒரு பீஸ் போட்டுப் பார்ப்போம். அது சரியாக வந்தால்தான் மீதி ஓடும். கன்ட்ரோலர் விஷயத்திலும் அதையே செய்வோமே என்று தோன்றியது. நீளம், அகலம், கனம் எல்லாம் ஆன்லைனில் போட்டிருந்தார்கள். அட்டைப் பெட்டியை அளந்து வெட்டி, அடுக்கடுக்காக ஒட்டி, பட்டன் வரும் இடத்தில் பழைய சட்டைப் பொத்தான்களை ஒட்டி, சாப்பாட்டு இடைவேளையில் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். நழுவியது. திரும்பப் பிடித்தேன். திரும்ப நழுவியது. ஒரு வாரம் இதே கதை. சரி, நமக்கு இதுவும் கொடுத்துவைக்கவில்லை என்று அதைக் குப்பையில் போடப் போனேன்.

பக்கத்து இருக்கைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னோடு அதே மேஜையில் பீஸ் பார்க்கிறவர்.

"இன்னா அண்ணாத்தே, தூக்கிப் போடறே?"

"கையில நிக்க மாட்டேங்குது."

வாங்கித் திருப்பிப் பார்த்தார். "மூலைய இன்னாத்துக்கு மழுக்கி உட்டுகீறே? படத்துல கூரா இல்ல கீது?"

எனக்குச் சுருக்கென்றது. நான்தான் மழுக்கியிருக்கிறேன். பிசிறு இருந்தால் ரிஜெக்ட், கூராக இருந்தால் ரிஜெக்ட் என்று எழுதி எழுதிப் பழகிய கை, அட்டையை வெட்டியதும் என்னைக் கேட்காமலே உப்புத்தாளை எடுத்து நாலு மூலையையும் தேய்த்து உருட்டிவிட்டிருக்கிறது. எனக்கு ஞாபகம்கூட இல்லை. அன்று சாயங்காலமே இன்னொன்று வெட்டினேன், மூலையைத் தொடாமல். பிடித்தேன். கீழ் மூலை போய் என் உள்ளங்கை மேட்டில் அழுத்தி ஊன்றிக்கொண்டது. மோதிர விரலும் சுண்டு விரலும் அடியில் தாங்கின. கட்டைவிரல் விட்டு விடுதலையாகப் பொத்தான்கள் மேல் ஓடியது. கையை உதறிப் பார்த்தேன், விழவில்லை. குத்தத்தான் செய்தது. குத்தினால்தான் நிற்கும்! பத்து விரல்காரர்கள் அத்தனை பேரும் குறை என்று சொன்னது எதுவோ, அதுதான் எனக்குப் பிடிமானம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். அந்த வீடியோக்களுக்குக் கீழே நாலு வார்த்தை எழுதலாமா என்று நினைத்து, இடது கையால் தட்டச்சு செய்ய நேரமாகும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கே ஆர்டர் போட்டேன், நிஜக் கன்ட்ரோலர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மனைவி வண்டியை ஓட்ட, பின்னால் உட்கார்ந்து மடியில் அதைப் பிடித்துக்கொண்டு திருவேற்காடு வழியாகப் போனேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம். இன்னிக்கும் தோத்தியானா இன்னா சொல்லுவே, பாக்கறேன்" என்று வழியெல்லாம் அவள் வாயாடிக்கொண்டு வந்தாள்.

தம்பி கன்ட்ரோலரைப் பார்த்து, "சொன்னேன்ல, வேஸ்ட்னு" என்றான். முகம் என்னவோ மலர்ந்துதான் இருந்தது. லேப்டாப்பை டிவியில் மாட்டிப் பழைய ஓட்டப்பந்தய ஆட்டத்தைப் போட்டான். எளிமையான ஆட்டம். பட்டனை எவ்வளவு வேகமாகத் தட்டுகிறோமோ அவ்வளவு வேகமாகத் திரையில் நம் ஆள் ஓடுவான். ஆரம்பித்ததும் அவன் ஆள் கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி நடந்தான்.

நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்தேன். "இங்க பாரு. விரல் போனது எனக்கு. நீ ஏன் நொண்டுற? ஒழுங்கா ஆடு. இல்லைன்னா இனிமே இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்."

அவன் காது சிவந்தது. மனைவி சோபாவில் உட்கார்ந்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுத்த பந்தயத்தில் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினான். தோற்றேன். அடுத்ததிலும் தோற்றேன். மூன்றாவதில் தோற்றபோது, "அவ்ளோதானா?" என்றான். நாலாவதில் தோற்றபோது என் மனைவியிடம் திரும்பி, "அண்ணி, நோட் பண்ணிக்கோங்க, நாலு" என்று விரலைக் காட்டினான். எனக்குத் தலைக்குமேல் ஏறியது கோபம். இவ்வளவு நல்ல கோபம் மூன்று வருஷத்தில் எனக்கு வந்ததே இல்லை.

இந்தக் கன்ட்ரோலரின் நாலு பட்டனில் மேலே இருக்கும் இரண்டுக்கு டர்போ என்று பெயர். கீழே இருப்பதைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே இருப்பதை அழுத்திப் பிடித்தாலே போதும், தானாகப் படபடவென்று தட்டிக்கொள்ளும். ஓட்டப்பந்தயத்தில் அதைத் தொடுவது பச்சை அயோக்கியத்தனம். ஐந்தாவது பந்தயத்தில் என் கட்டைவிரலை மேலே நகர்த்தினேன்.

என் ஆள் பறந்தான். பாதி தூரத்தில் தம்பிக்குப் புரிந்துவிட்டது.

"டர்போ! டர்போல வச்சிருக்க! விரலை எடு!"

"எந்த விரலை?" என்றேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

அவன் தன் கன்ட்ரோலரை வீசிவிட்டு, என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணுக்கு நேரே இழுத்துவைத்துக்கொண்டு கத்தினான்.

"இருக்கிற விரலை எடுடா, ஃபிராடு!"

நான் எடுக்கவில்லை.