சைபரை எங்கே வைப்பது?

கிராஃப் போட்டுச் சம்பளம் வாங்கியவர்களுக்குத் தெரியும்: புள்ளி வைக்கும்வரை நம்மை நாய்கூடச் சீண்டாது, கோடு இழுத்ததும் ஆபீஸ் முழுக்கத் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். எண்பதுகளில் மதுரையில் ஒரு நிலத்தடி நீர் ஆபீசில் நான் ட்ரேசர். வில்லாபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, கிணறுகளின் நீர்மட்டத்தை மாதாமாதம் ட்ரேசிங் பேப்பரில் மையால் வரைவேன். என்னைப்போல் மாட்டிக்கொண்டு முழித்தவர்கள், பல்லைக் கடித்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மங்களகரமான கோடு

எங்கள் படத்தில் சைபர் மேலே இருக்கும். அதுதான் தரை. கீழே போகப் போக ஆழம் கூடும். தண்ணீர் இறங்கினால் கோடும் இறங்கும். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரிதான், இதில் புரியாமல் போக ஒன்றுமில்லை.

புதிதாக வந்த என்ஜினீயருக்கு இது பிடிக்கவில்லை. முதல் வாரமே என் மேஜைக்கு வந்து படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். மழை ஏமாற்றிய வருஷம் அது. முகம் சுண்டிப்போய்ச் சொன்னார்: “ஏம்மா, எல்லாக் கோடும் கீழயே போகுதே, கொஞ்சம் மங்களகரமா வரையக் கூடாதா?”

எட்டாத டேப்

கொட்டாம்பட்டியில் ஊரே குடிக்கிற கிணறு ஒன்று எங்கள் கணக்கில் இருந்தது. ஒரு மாதம் அதன் புள்ளி மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதலபாதாளத்தில் போய் உட்கார்ந்தது. பக்கத்துத் தோட்டங்களில் போர்வெல் போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். என்ஜினீயர் அரை பிளேடை நீட்டி, அந்தப் புள்ளியைச் சுரண்டி எடுக்கச் சொன்னார். மை காய்ந்த புள்ளியை அப்படித்தான் எடுப்போம். மாட்டேன் என்றேன். வேண்டுமானால் இன்னொரு தடவை அளந்து பார்க்கட்டும் என்றேன்.

அளக்கிறவர் மாயாண்டி. டேப்பின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்துக் கிணற்றுக்குள் இறக்குவார், நனைந்த இடம்தான் அளவு. சாயங்காலம் வந்து டேப்பை என் மேஜைமேல் போட்டார். சாக்பீஸ் வெள்ளை வெளேரென்று இருந்தது. “அக்கா, டேப்பு முடிஞ்சு போச்சு, தண்ணி வரல. இனி என் வேட்டியவா முடிஞ்சு எறக்கச் சொல்றீக?”

ஏறுகிற கோடு

கொட்டாம்பட்டிப் பக்கம் இன்னும் போர் போட அனுமதிக்கலாமா என்று முடிவு செய்ய மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி வருவதாக இருந்தது. அனுமதிக்கலாம் என்று எங்கள் என்ஜினீயர் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டார். அதிகாரி வருகிற அன்று காலையில் போனால், அந்தக் கிணற்றுக்கு நான் வரைந்த படத்தைக் காணோம். வேறொருவரைக் கொண்டு வரைந்த படம் சுவரில் தொங்கியது. அதில் சைபர் கீழே. கூடிக்கொண்டே போன ஆழம் ஜம்மென்று மேலே ஏறியது. பார்க்கிறவனுக்குக் கிணறு நிரம்பி வழியும்.

இது அயோக்கியத்தனம் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவர் பதறவே இல்லை. “இதுல என்னம்மா பொய் இருக்கு? எண்ணெல்லாம் நீ குடுத்த எண்ணுதானே?”

பின்பக்கம்

கூட்டத்துக்குக் கொட்டாம்பட்டியிலிருந்தும் நாலு பேர் வந்திருந்தார்கள். பெரிய அதிகாரி படத்தைப் பார்த்து, “பரவாயில்லையே, நல்லா ஏறியிருக்கே” என்றார். ட்ரேசர் கூட்டத்தில் வாய் திறப்பது வழக்கமில்லை. நான் எழுந்து போய்ப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். அடி விளிம்பு மேலே வரும்படி பின்பக்கமாகப் புரட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ட்ரேசிங் பேப்பர் ஆயிற்றே, எல்லாம் தெரிந்தது. எழுத்துகள் தலைகீழாய் நின்றன. சைபர் மேலே வந்துவிட்டது. கோடு சரசரவென்று இறங்கியது.

என்ஜினீயர் உட்காரச் சொல்லிக் கத்தினார். நான் உட்காரவில்லை. வந்தவர்களில் பெரியகருப்பன் என்ற வெள்ளாமை செய்கிற சம்சாரி, எழுதப் படிக்கத் தெரியாதவர், கிட்டே வந்து கோட்டின் கடைசிப் புள்ளியில் விரலை வைத்தார். “அய்யா, இதுதாங்க எங்க கெணறு. இம்புட்டு ஆழத்துலதான் கெடக்கு.”

அனுமதி நின்றது, எனக்கு மெமோ வந்தது, விளக்கம் கேட்டிருந்த இடத்தில் ஒரு வார்த்தைகூட எழுதாமல் சைபரை மேலே வைத்து அந்தக் கிணற்றையே மறுபடி வரைந்து கொடுத்தேன்.