முட்டி வலிக்கு வாங்கிய முகம்

என் வீட்டில் தோசை எண்ணப்படும். எண்ணுகிறவர் என் கணவர். துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளை எண்ணுவது அவருக்கு வேலை. பகலெல்லாம் எண்ணிய வாய் வீட்டுக்கு வந்தும் ஓய்வதில்லை. நான் கல்லிலிருந்து தோசையை எடுத்து என் தட்டில் போட்டதும், கைப்பேசியை விட்டுக் கண்ணை எடுக்காமலே "ரெண்டு" என்பார். அடுத்தது விழுந்தால், எங்கள் ஊர்ப் பேச்சின் வாலையும் ஒட்டி, "மூணு லா" என்பார். அவருடைய தட்டில் எத்தனை விழுந்தது என்று யாரும் கேட்பதில்லை. அவருக்கு இருப்பது உழைத்து வந்த தொப்பை. எனக்கு வந்ததுதான் தின்று வந்த உடம்பு.

நான் அவ்வளவு சாப்பிடவில்லை என்பதை ஒரே ஒருவர், அதுவும் இந்த மனிதர், நம்பினால் போதும் என்று இரண்டு வருடம் தவித்தேன். அந்த இரண்டு வருடத்தில் நான் கேட்ட ஒரே வரம் அதுதான்.

கதை முட்டியில் தொடங்குகிறது. எங்கள் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக் கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளைச் சரிபார்ப்பது என் வேலை. நின்றுகொண்டேதான் பார்க்க வேண்டும். உட்கார்ந்தால் கண் மந்தமாகிவிடும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறு வாரம் இரவு ஷிப்ட். எப்போது தூங்குவது, எப்போது பசிப்பது என்று உடம்புக்கே குழப்பம். இடையில் கேன்டீனில் நுரைக்க ஆற்றித் தரும் பால் தேநீர், தே தாரே, அதில் கரண்டி கரண்டியாகச் சீனி. இதையெல்லாம் மறைக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். ஆனால் இவ்வளவும் பதினைந்து வருடமாக இருந்ததுதான், அப்போதெல்லாம் என் பழைய ரவிக்கை எனக்குப் பொருந்திக்கொண்டுதான் இருந்தது.

நாற்பதைத் தாண்டியதும் இரண்டு முட்டியும் பேச ஆரம்பித்தன. எங்கள் ஃபிளாட்டில் லிப்ட் வேலை செய்வது பண்டிகை மாதிரி, எப்போதாவது வரும். படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குவதைப் போல் நடித்து முட்டியைத் தடவிக்கொள்வேன். அதைக் கேள்விப்பட்ட அக்கா அக்கரையில் இருக்கும் தாசேக் கெலுகோரிலிருந்து கடல் பாலத்தைத் தாண்டி வந்துவிட்டாள். கையில் ஒரு பச்சைப் பாக்கெட். அவள் ஊரில் வாரம் ஒருநாள் கூடும் இரவுச் சந்தையான பசார் மாலாமில், எலும்புக்கூடு படத்தைத் தொங்கவிட்டு மைக்கில் பேசுகிற ஒருவரிடம் வாங்கியது. அக்காவின் இடுப்பு வலியை அது அடியோடு விரட்டிவிட்டதாம்.

"எல்லாம் வேருதான்டி. கெமிக்கலே இல்ல. பாரு, பாக்கெட்லயே போட்டிருக்கான்," என்றாள்.

போட்டிருந்தது. பெரிய எழுத்தில், இலை படத்தோடு. இலையைப் போட்டுவிட்டுப் பொய் சொல்வானா ஒருவன்? காலையில் ஒரு உருண்டை, இரவில் ஒரு உருண்டை விழுங்கினேன். மூன்றாவது நாள் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டு அக்கா வாயைப் பிளந்து பார்த்தார். முட்டி என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. தீர்ந்தால் என் அக்கா அடுத்த பாக்கெட்டோடு வந்துவிடுவாள்.

பிறகு முகம் வர ஆரம்பித்தது. வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கன்னம் இரண்டும் மெதுவாக உப்பி, கண் உள்ளே போய், கண்ணாடியில் யாரோ ஒரு சீமாட்டி நின்றாள். வயிறு முன்னால் போனது. கழுத்துக்குப் பின்னால் ஒரு சின்ன மேடு. லிட்டில் இந்தியா கடைத்தெருவில் தீபாவளிக்குத் தைத்த ரவிக்கை பொங்கலுக்குக் கொக்கி மாட்டவில்லை.

உடனே எல்லாரும் டாக்டராகிவிட்டார்கள். சூப்பர்வைசர், குழம்பு குழம்பாக ஊற்றித் தரும் நாசி கண்டார் சோறுதான் காரணம் என்றார், அதை அவர் நாசி கண்டார் சாப்பிட்டுக்கொண்டேதான் சொன்னார். நாத்தனார், "சந்தோஷமா இருந்தா உடம்பு போடும் லா," என்றாள். என் சந்தோஷத்தை அவள் எங்கே பார்த்தாள் என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா ராத்திரி தலைக்குக் குளிப்பதால்தான் என்றார். என் கணவருக்கு ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. அவரிடம் தோசைக் கணக்கு இருந்தது.

"ஏங்க, வளையல் பாருங்க. கைய விட்டுக் கழண்டு விழுது. குண்டாயிருந்தா வளையல் இறுகத்தானே செய்யும்?" என்று ஒருநாள் கையை நீட்டினேன். உண்மையில் என் கையும் காலும் குச்சியாகிக்கொண்டிருந்தன. இலேசாக இடித்தாலே நீலம் பாய்ந்தது.

அவர் வளையலைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார். "வளையல் லூசு லா," என்று சொல்லிவிட்டு வறுத்த நூடுல்ஸ், மீ கோரேங், வாங்கப் போய்விட்டார்.

கம்பெனி அனுப்பும் கிளினிக்குக்குப் போனேன். வயதான சீன டாக்டர். இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, சீனியும் எல்லையில் நிற்கிறது என்றார். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாயா என்று மலாயில் கேட்டார். இல்லை என்றேன். ஏதாவது மாத்திரை? இல்லவே இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. எங்கள் ஆட்களுக்கு மருந்து என்றால் டாக்டர் கொடுப்பது, கசப்பது, வெள்ளையாக இருப்பது. அக்கா கொண்டு வருவது அக்கா கொண்டு வருவதுதான். பரணி ஊறுகாயை மருந்து என்று யாராவது டாக்டரிடம் ஒப்பிப்பார்களா? டாக்டர் ஒரு தட்டின் படத்தைக் கொடுத்தார். பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு சோறு.

அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டேன். கேன்டீனில் நான் அவித்த பீர்க்கங்காயை மென்றுகொண்டிருப்பதைப் பார்த்து, "இங்க இதத் தின்னுட்டு வீட்டுக்குப் போய் வெளுத்துக் கட்டுவா," என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். பசியோடு படுத்துக் குண்டாவது பெரிய கொடுமை. அன்றைக்குக் கழிப்பறைக்குள் போய் அழுதேன். அழுத முகம் இன்னும் கொஞ்சம் வீங்கித் தெரிந்தது.

பிறகு அந்த எலும்புக்கூடு மனிதர் பசார் மாலாமுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அக்கா தன் கையிருப்பை வைத்து ஓட்டினாள், என்னுடையது தீர்ந்தது. சில நாளில் எழுந்து நிற்கவே தெம்பில்லை. சாப்பிட்டதெல்லாம் வாந்தி. என் கணவர், "டயட்டு டயட்டுன்னு வயித்தக் காயப் போட்டா இப்படித்தான்," என்றார். அதாவது இரண்டு வருடத்தில் முதல் தடவையாக நான் குறைவாகச் சாப்பிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டார், அதுவும் திட்டுவதற்காக. மறுநாள் வேலையில் நின்றபடியே விழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது பக்கத்தில் ஒரு தமிழ்ப் பெண் டாக்டர், சின்ன வயசு. கட்டிலின் அந்தப் பக்கம் வேலைச் சட்டையோடு என் கணவர் என் உணவுப் பழக்கத்தைப் பற்றி அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். டாக்டர் அவருக்குத் தலையாட்டிக்கொண்டே என் கையைத் திருப்பிப் பார்த்தார், நீலத்தைத் தொட்டுப் பார்த்தார், கழுத்து மேட்டை அழுத்திப் பார்த்தார். பாக்கெட் தீர்ந்த பிறகு நான் முட்டியில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி அவர் கண்ணில் பட்டது.

"முட்டி வலி இருந்திச்சாக்கா? அதுக்கு என்ன போடுறீங்க?"

"ஓ, அதுவா. அது மருந்து இல்ல டாக்டர். வேரு," என்றேன்.

காலிப் பாக்கெட் என் கைப்பையில் இருந்தது. அவர் அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார், சிரிக்கவில்லை. இந்த மாதிரிப் பாக்கெட்டில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலக்கிறார்கள், அதனால்தான் வலி மூன்று நாளில் ஓடிப்போகும் என்றார். முகம், வயிறு, கழுத்து மேடு, அழுத்தம், சீனி எல்லாம் அதன் வேலை. வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்ததால் உடம்பு அதைத் தானாகச் சுரப்பதை நிறுத்திவிட்டது. அதனால்தான் திடீரென்று விட்டதும் விழுந்திருக்கிறேன். இரத்தம் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம், ஆனால் இனி அதையே மருந்தாக அளந்து கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிறுத்த வேண்டும் என்றார். ஷிப்ட், தூக்கம், சீனி போட்ட தே தாரே இதெல்லாமும் சேர்ந்துகொள்ளும்தான், அதையும் பார்க்க வேண்டும் என்று நியாயமாகவே சொன்னார்.

"ஆனா இந்த உடம்பு நீங்க சாப்பிட்டு வந்ததில்லக்கா."

"இன்னொரு தடவ சொல்லுங்க டாக்டர். கொஞ்சம் சத்தமா. அவரு அந்தப் பக்கம் நிக்கிறாரு," என்றேன்.

டாக்டர் சத்தமாகச் சொன்னார். பக்கத்துக் கட்டில் மலாய் அம்மாவும் திரும்பிப் பார்த்தார். என் கணவர் எனக்குப் போட்டிருந்த போர்வையின் நுனியை நீவிவிட்டுக்கொண்டே இருந்தார்.

அக்காவுக்குப் போன் செய்தேன். அதை அப்படியே நிறுத்திவிடாதே, பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். "அப்ப என் இடுப்பு?" என்று அழுதாள். பிறகு அந்த எலும்புக்கூட்டைத் திட்டிக்கொண்டே போனாள். என்மேல் இருந்த பாசத்தில்தான் பாலம் தாண்டித் தாண்டி கொண்டு வந்தாள் என்பதால் அவளைத் திட்டவும் எனக்கு வழியில்லை.

பல மாதம் ஆனது. முகம் தன் இடத்துக்குத் திரும்பியது. வாக்குத் தவறாமல் முட்டி வலியும் திரும்பியது. வீட்டில் தோசை எண்ணுவது நின்றது. நான் அடுப்பருகே போனால் அவர் பால்கனிக்குப் போய்விடுவார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வரவில்லை. நானும் எதிர்பார்த்துக் காத்திருந்தேன், வெட்கமில்லாமல்.

அக்கா மகள் கல்யாணம் பட்டர்வொர்த்தில். பந்தியில் எங்களுக்கு எதிரே என் சின்னம்மா உட்கார்ந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்பதான் ஆளு மாதிரி இருக்க. வாயக் கட்டிட்ட போல?"

நான் வாய் திறப்பதற்குள் என் கணவர், "இல்ல சின்னம்மா. அவ சாப்பாட்டால குண்டாகல. பசார் மாலாம் மாத்திர. நான்தான் தெரியாம இவ்வளவு நாளும் அவளப் பேசிட்டேன்," என்றார்.

என் கை ரசத்திலேயே நின்றுவிட்டது.

சின்னம்மா சிரித்தார். "சும்மா இருங்க மாப்பிள்ள. பொண்டாட்டிய விட்டுக் கொடுக்க மாட்டீங்களே. மாத்திரயால யாராச்சும் குண்டாவாங்களா? எல்லாம் தீனி லா."

"இல்ல, டாக்டரே சொன்னாரு," என்றார் அவர்.

"டாக்டருங்களுக்கு என்ன தெரியும்?" என்றார் பக்கத்தில் இருந்த சித்தப்பா.

என் கணவர் விடவில்லை. வளையல் கழன்றதைச் சொன்னார், நீலம் பாய்ந்ததைச் சொன்னார், நான் பீர்க்கங்காய் சாப்பிட்டதைச் சொன்னார். பந்தியே சிரித்தது. அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. அவர் இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. நான் இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கி, நிதானமாகச் சாப்பிட்டு, இலையை மடித்தேன்.