பேச்சியக்கா சொன்ன நம்பர்

மருந்துச் சோதனை வேலை என்றால் கண்ணாடிக் குப்பியும் வெள்ளைக் கோட்டும் என்று நினைப்பீர்கள். ஒரு மண்ணும் கிடையாது. நோயாளியிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்டு, பதிலை நம்பராக எழுதும் பிழைப்பு. நீங்களும் ஜனங்களிடம் கேள்வி கேட்டே சம்பளம் வாங்குபவர் என்றால் என் பாடு புரியும்.

கையெழுத்துக்கு முன்னால்

கரப்பான் என்கிற தோல் நோய்க்கு ஏற்கெனவே கொடுக்கிற மாத்திரைதான். அது ஈரல் நோயையும் அதனால் வரும் அரிப்பையும் அடக்குமா என்று பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி ஒன்றில் பார்த்தோம். சேரன்மகாதேவிப் பக்கமிருந்து பேச்சியக்கா வந்தாள். நடவுக்குப் போகிறவள். ஒட்டுவாரொட்டி என்று பயந்து, கூட நட்டவர்களே அவளை விலக்கிவிட்டார்கள். அரிப்பு நின்றால்தான் வேலை. சம்மதக் கையெழுத்து வாங்குமுன், பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை, யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது என்றேன். தலையாட்டினாள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்குகிறது என்றதும்தான் வாயைத் திறந்தாள்.

"மாமியாளுக்குத்தான் என்னயப் பிடிக்காதுன்னு இருந்தேன். எந் தேகத்துக்கே பிடிக்கலியாக்கும்."

பத்திலிருந்து மூன்று

அரிப்பே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாவிட்டால் பத்து. முதல் நாள் பத்து என்றாள். அடுத்த தடவை ஏழு, அப்புறம் ஐந்து, மூன்று. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சித்திரை வெயிலில் முழுக்கை ரவிக்கை எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்கள், அந்த மடத்தனத்தை என்ன சொல்ல. நான்காம் மாசம் அவள் புருஷன் தனியாக வந்து நின்றார்.

"எம்மா, மூணுன்னா எழுதுதிய? செவுத்துல முதுகத் தேச்சுத் தேச்சு, ரவிக்கை பூரா ரத்தமா நிக்கா."

முழுக்கை ரவிக்கைக்குள்

அவளை வரச்சொல்லி, ரவிக்கைக் கையை ஏற்றிப் பார்த்தேன். புண்ணெல்லாம் சீழ். எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளதைச் சொல்லியிருந்தால் இரண்டாம் மாசமே சோதனையிலிருந்து எடுத்து, வழக்கமான அரிப்பு மருந்தைக் கொடுத்திருப்போம். ஏன்க்கா இப்படிச் செஞ்சீங்க என்றேன். பத்து என்றதும் என் முகம் வாடிவிட்டதாம். இவ்வளவு பிரியமாகக் கேட்கிற பிள்ளையை வருத்தப்படுத்துவானேன் என்று குறைத்துச் சொன்னாளாம். டாக்டர் அன்றைக்கே அவளைச் சோதனையிலிருந்து நிறுத்தினார். புண் ஆறுவதற்குள் கார் பருவத்து நடவும் முடிந்துவிட்டது. போகும்போது கேட்டாள்.

"நான் மாத்திச் சொன்னதால, என்னய மாதிரிக் கெடக்கவளுக்கும் மருந்து வராமப் போயிருமோ, எம்மா?"

இப்போதெல்லாம் நம்பர் கேட்கும்போது மூஞ்சியைச் சுவர் மாதிரி வைத்துக்கொள்கிறேன். இந்த உத்தியோகத்துக்கு அதுவும் ஒரு தகுதி என்று வேலைக்கு எடுத்தவர்கள் யாரும் சொல்லவில்லை.